அரைக்கார் அண்ணையும் பின் பிரேக்கும்

ரொறன்ரோவில் ஒரு அங்குலம்கூட அசையாத காரில் மிக அதிக தூரம் பயணம் செய்தவர் யார் என்று ஒரு போட்டி வைத்தால், பரிசை நேரே அரைக்கார் அண்ணையிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம். இரண்டாம் பரிசுக்கு ஆள் தேடி அலைய வேண்டியதில்லை. போட்டியில் அவர் ஒருவர்தான் இருப்பார்.

அஜின்கோர்ட்டில் அவருடைய வீட்டு பேஸ்மென்றில் நான் இரண்டு வருடம் வாடகைக்கு இருந்தேன். சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகள். வீட்டுக்கொரு கராஜ், கராஜுக்கொரு கார். அண்ணையின் கராஜில் மட்டும் அரைக்கார். இங்கிலாந்திலிருந்து பெட்டி பெட்டியாகக் கப்பலில் வந்து, வாங்கியவரே பொருத்திப் பூட்டிக்கொள்ள வேண்டிய ஸ்போர்ட்ஸ் கார் அது. மஞ்சள் நிற உடம்பு, இரண்டே இருக்கை, கூரை கிடையாது. எஞ்சினையும் பிரேக்கையும் வேறொரு பழைய காரிலிருந்து நாமே கழற்றிக்கொண்டு வந்து போட வேண்டும். ஊர் முழுக்க அவரை அரைக்கார் அண்ணை என்றுதான் கூப்பிட்டது. உண்மைப் பெயர் எனக்குக் கடைசிவரை தெரியாது. அந்த வீட்டுக்கு வந்த தபால் எல்லாம் அவருடைய மனைவியான அக்காவின் பெயருக்குத்தான் வந்தது.

வந்த புதிதில் ஒருநாள் கேட்டுவிட்டேன். "ஏன் அண்ணை, முழுக்காரா ஒண்டை வாங்கியிருக்கலாமே?"

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "முழுக்கார் எல்லாரிட்டையும் கிடக்குது தம்பி."

பிளாஸ்டிக் வார்க்கும் தொழிற்சாலையில் அவருக்கு வேலை. முடிந்து வந்ததும் தேத்தண்ணிக் கோப்பையோடு அரைக்காரில் ஏறி உட்கார்ந்துவிடுவார். அப்போது அதில் எஞ்சினே இல்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, "இப்ப ஒஷாவா. காத்து நல்லா வருது," என்பார். கொஞ்ச நேரத்தில் அடுத்த ஊர், கிங்ஸ்ரன். அக்கா சமையலறைக் கதவைத் திறந்து, "மொன்றியலுக்குப் போறவர் புட்டு ஆறமுன்னம் வந்து சாப்பிட்டிட்டுப் போகட்டும்," என்று என்னிடம் சொல்லி அனுப்புவார். அண்ணை உடனே இறங்கமாட்டார். வலது பக்கம் போவதாகக் கையைக் காட்டி, கண்ணாடியில்லாத இடத்தில் கண்ணாடி பார்த்து, ஓரமாக நிறுத்திவிட்டுத்தான் இறங்குவார். சாப்பிடும்போது தெருவின் நெரிசலைப் பற்றிக் கொஞ்சம் குறைப்படுவார்.

அந்தக் காரில் முதன்முதலாகப் பூட்டப்பட்டது எஞ்சினல்ல, சில்லல்ல. பக்கத்து இருக்கை. சாரதி இருக்கையையே பிறகுதான் போட்டார். பக்கத்து இருக்கைக்குப் பிளாஸ்டிக் உறை போட்டிருந்தது. அதில் யாரும் உட்காரக் கூடாது. எதிர்வீட்டுக் கந்தையா அங்கிள் ஒருமுறை அனுமதியில்லாமல் உட்கார்ந்து பார்த்தார். முழங்கால் இரண்டும் தாடையில் முட்டின.

"என்னப்பா இது, சின்னப் பிள்ளையளுக்கே செய்தனி? கொஞ்சம் பின்னுக்குத் தள்ளன்."

"அது தள்ளுற சீற் இல்லை அங்கிள். வெல்ட் பண்ணியாச்சு. எழும்புங்கோ."

கந்தையா அங்கிளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஓய்வு பெற்றவர். மடக்குக் கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து கராஜ் வாசலில் விரித்து உட்கார்ந்தால், நாங்கள் வேலையை முடிக்கும்வரை எழும்பமாட்டார். ஒரு நட்டைத் தொட்டது கிடையாது. அவருடைய பங்களிப்பு ஒரேயொரு வசனம். "உது ஓடாது." நாங்கள் எஞ்சினை இறக்கிப் பூட்டியபோது சொன்னார். எஞ்சின் முதன்முதலில் உறுமி, ஊரே காதைப் பொத்தியபோது கொஞ்சம் யோசித்தார். பிறகு, "சத்தம் போடும். ஓடாது," என்றார்.

எல்லாவற்றுக்கும் ஒரு கெடு அந்தச் செப்டம்பரில் வந்தது. நான்கு குளிர்காலமாக அக்காவின் கார் வெளியே நின்று ஸ்னோவில் புதைந்துகொண்டிருந்தது. விடிகாலையில் கண்ணாடியில் உறைந்த ஐஸைச் சுரண்டிச் சுரண்டி, அவருக்கு வலது தோள் இடது தோளைவிட உயர்ந்துவிட்டதாக அவரே சொல்லுவார். ஒருநாள் சாப்பாட்டு மேசையில் சத்தமில்லாமல் அறிவித்தார்.

"இஞ்சேருங்கோ. முதல் ஸ்னோ விழமுன்னம் உது சேஃப்ரி பாஸ் பண்ணி ரோட்டில ஓடோணும். இல்லாட்டி, இழுத்துக்கொண்டு போற ஆளைக் கூப்பிடுவன். நம்பர் ஃபிரிட்ஜில ஒட்டியிருக்கிறன்."

சேஃப்ரி என்றால், வாகனம் தெருவில் ஓடலாம் என்று மெக்கானிக் சோதித்துத் தரும் சான்று. அண்ணை ஃபிரிட்ஜைப் பார்த்தார். ஒட்டித்தான் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டிருந்த காந்தம் ஒரு சின்ன மஞ்சள் கார்.

அன்றிலிருந்து மற்றவர்கள் வீடியோக் கடையில் படக் கொப்பி எடுத்துப் பார்க்கும் நேரத்தில் அண்ணை காலநிலைச் சானல் பார்க்கத் தொடங்கினார். பக்கத்து ஊர் விட்பியில் மேகம் என்றால் அவருக்கு இங்கே வியர்க்கும்.

மிச்சமிருந்தது பின் பிரேக் மட்டும்தான். சில்லோடு சேர்ந்து ஒரு இரும்புத் தட்டு சுற்றும். அதை இரண்டு பக்கமும் கவ்விப் பிடித்து நிறுத்தும் இடுக்கிக்குக் கலிப்பர் என்று பெயர். வலதுக்கு ஒன்று, இடதுக்கு ஒன்று. இரண்டையும் அண்ணை பழைய இரும்பு யார்ட்டில் ஒரு காரின் பின்பக்கம் குந்தியிருந்து கழற்றிக்கொண்டு வந்தார். வலதுக்குச் சந்தனமும் இடதுக்குக் குங்குமமும் பூசி, மாறிவிடாமல் சாமி அறையில் வைத்திருந்தார்.

காரோடு வந்த புத்தகத்தை வாசிப்பது என் பொறுப்பு. எங்கள் குடும்பத்தில் எட்டாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். கல்லூரியில் கணக்கியல் படித்துக்கொண்டிருந்தேன். காருக்கும் கணக்கியலுக்கும் உள்ள தூரத்தை அண்ணை ஒருநாளும் ஏற்றுக்கொண்டதில்லை. "படிச்ச பெடியன் வாசிச்சால் எல்லாம் விளங்கும்," என்பதே அவர் கொள்கை. காரின் மூக்கில் கம்பனிச் சின்னத்தை ஒட்டுவது எப்படி என்று அந்தப் புத்தகத்தில் பக்கம் பக்கமாகப் படத்தோடு இருந்தது. பின் பிரேக்குக்கு ஒரே ஒரு வரி. நான் அதை மொழிபெயர்த்தேன். "பின் கலிப்பர்களை வழமையான முறையில் பொருத்தவும்."

"வழமையான முறையெண்டால்?"

"அதுதான் போட்டிருக்குது அண்ணை."

"உவங்களுக்கு வழமை. எங்களுக்கு எங்க வழமை? கேட்டு எழுது."

ஷெப்பேர்ட் தெருக் கடையிலிருந்து இங்கிலாந்துக்கு ஃபாக்ஸ் அனுப்பினோம். வழமையான முறை என்பது யாது என்று மிக மரியாதையாகக் கேட்டிருந்தேன். மூன்றாம் நாள் பதில் வந்தது. அதே காருக்கு இப்போது துணிக்கூரையும் விற்பனைக்கு உண்டு என்ற விளம்பரம்.

ஆகவே நாங்களாகவே தொடங்கினோம். முதல் சிக்கல், கலிப்பருக்குள் இருக்கும் உருளை உள்ளே போகமாட்டேன் என்றது. அது உள்ளே போனால்தான் தட்டு நடுவில் நுழையும். அண்ணை கவ்வி போட்டு இறுக்கினார், மரக்கட்டை வைத்து அடித்தார், கடைசியில் அதனோடு பேசியும் பார்த்தார். ஒரு முழு ஞாயிறு போனபிறகுதான், பின் கலிப்பரின் உருளையை அமத்தக் கூடாது, அமத்திக்கொண்டே திருக வேண்டும் என்று கண்டுபிடித்தோம். அதற்கென்று ஒரு ஆயுதம் கடையில் கிடைக்கும். கடை ஞாயிறு பூட்டு. அண்ணை வீட்டுக்குள் போய், சட்டைக்குள் எதையோ மறைத்துக்கொண்டு வந்தார். கொஞ்ச நேரம் அரம் ராவும் சத்தம். பிறகு உருளை சுகமாகச் சுழன்று உள்ளே போனது.

அன்று மாலை அக்காவின் குரல் கேட்டது. "என்ர தேங்காய்த் துருவலை எங்க?"

மேசையில் பூட்டிக் கைபிடியால் சுற்றும் துருவலை. அதன் பல்லை எல்லாம் ராவி, இரண்டு கொம்பு மட்டும் விட்டிருந்தார்.

"அது இப்ப வேலைக்குப் போயிட்டுது," என்றார் அண்ணை.

ஒரு மாதம் அந்த வீட்டில் சம்பல் இல்லை. அக்கா அதற்குப் பதிலாக ஒவ்வொரு காலையும் வானத்தைப் பார்த்து, "இருட்டிக்கொண்டு வருது," என்று மட்டும் சொல்லுவார். பொதுவாக.

இரண்டாவது சிக்கல், கை பிரேக் கேபிள் எட்டவில்லை. அது கலிப்பரின் பின்னால் மாட்டிக் கொளுவ வேண்டியது. எங்களுடையதில் கொளுவும் இடம் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. "இங்கிலாந்துக்காரனுக்குக் கேபிளில கஞ்சத்தனம்," என்று சொல்லி, நீளமான கேபிள் ஒன்றுக்கு ஃபாக்ஸ் அடிக்க வைத்தார். அதேசமயம் வேறொரு விஷயத்தில் அவர்களைப் பாராட்டவும் செய்தார். பிரேக் எண்ணெயில் சேர்ந்த காற்றை வெளியேற்றக் கலிப்பரில் ஒரு சின்ன முனை உண்டு. எங்களுடையதில் அது அடிப்பக்கத்தில் இருந்தது.

"பாத்தியோ தம்பி, கீழ வைச்சிருக்கிறாங்கள். எண்ணெய் தன்ரபாட்டில வடியும். மூளைசாலியள்."

நானும் ஆமென்று தலையாட்டினேன். கணக்கியல் படித்தவன்.

பிறகு தொடங்கியது காற்றெடுக்கும் படலம். அண்ணை காருக்குக் கீழே, கையில் ஸ்பனரும் ஊறுகாய்ப் போத்தலும். நான் சாரதி இருக்கையில், பெடலில் கால். என்னைப் பெடலுக்குத் தெரிவு செய்ததற்கும் காரணம் கல்விதான். "படிச்சவன்தான் சொன்னதைச் சொன்னபடி செய்வான்." கீழிருந்து குரல் வரும்.

"அமத்து."

அமத்துவேன்.

"பிடிச்சிரு."

பிடித்திருப்பேன். அவர் முனையைத் திறப்பார், எண்ணெய் போத்தலுக்குள் ஒழுகும், முனையைப் பூட்டுவார்.

"விடு."

விடுவேன். 'விடு' என்று அவர் சொல்லுமுன் காலை எடுத்தால் காற்று திரும்ப உள்ளே ஓடிவிடும் என்று சத்தியம் வாங்கியிருந்தார். ஒருமுறை என்னைப் பிடித்திருக்கச் சொல்லிவிட்டுத் தொலைபேசி அடிக்கிறதென்று உள்ளே போனார். சுவிஸிலிருந்து அவருடைய தம்பி. நான் பிடித்திருந்தேன். அக்கா தேத்தண்ணி கொண்டுவந்து தந்தார். கந்தையா அங்கிள் காலை மாற்றி வைக்கச் சொல்லி ஆலோசனை தந்தார். மாற்றவில்லை. அண்ணை திரும்பி வந்து தவழ்ந்து கீழே போய், "விடு," என்றபோது எனக்கு அந்தக் கால் என்னுடையதா என்றே தெரியவில்லை.

இத்தனை செய்தும் பெடல், பஞ்சுத் தலையணையை மிதிப்பதுபோல் அமிழ்ந்து தரையைத் தொட்டது. போத்தல் போத்தலாக எண்ணெய் மாற்றினோம். அமிழ்ந்தது. குழாய்களை எல்லாம் புதிதாகப் போட்டோம். அமிழ்ந்தது. அப்படியே வைத்து ஓட்டலாம் என்றால், சேஃப்ரி பார்க்கும் மெக்கானிக் செய்கிற முதல் வேலையே பெடலை மிதிப்பதுதான்.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை. திங்கட்கிழமை ஸ்னோ தூவும் என்று தொலைக்காட்சியில் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அண்ணை தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, கனநேரம் ஃபிரிட்ஜைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"எல்லாம் செய்து பாத்தாச்சு தம்பி. இனி எலுமிச்சம்பழந்தான்."

புதுவாகனத்தைத் தெருவில் இறக்கும்போது சில்லுக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசிப்பது எங்கள் வழக்கம். பிரேக் இல்லாத வாகனத்துக்கு அது செய்யலாமா என்று யாரும் கேட்கவில்லை. அண்ணைக்கு அந்தக் கார் ஏற்கெனவே பாதி சாமிதான். மூக்கு வாசலைப் பார்க்க அதை நிறுத்தியிருந்தார். வேலை தொடங்குமுன் தினமும் வாசலில் நின்று அதன் முகத்தைப் பார்த்து ஊதுபத்தி காட்டுவார். முன்பு கற்பூரம் காட்டியவர். பெற்றோல் மணக்கும் இடத்தில் கற்பூரம் கொளுத்தினால் நாலு வீடும் சேர்ந்து கைலாயம் போகும் என்று அக்கா தடுத்துவிட்டார்.

எலுமிச்சம்பழத்தை அக்காவே கொண்டுவந்தார். இழுத்துக்கொண்டு போகப்போகிற காரென்றாலும் சாத்திரத்தில் குறை விடமாட்டார். வாசலில் நின்று காரைப் பார்த்தார், குனிந்தார், ஒரு சில்லின் கீழே பழத்தை வைத்தார்.

"இஞ்சேரும், வலது சில்லில எல்லோ வைக்கோணும்," என்றார் அண்ணை.

"வலதிலதானே வைச்சனான்."

"அது இடது. வலது இந்தப் பக்கம்." தன் வலக்கையை நீட்டிக் காட்டினார்.

அக்கா நிமிர்ந்தார். "சாமிக்கு முன்னால போய் நிண்டு, சாமியின்ர வலக்கையை இடக்கை எண்டு சொல்லுவியளே? கார் எங்களைப் பாத்துக்கொண்டெல்லோ நிக்குது. அதின்ர வலது எங்களுக்கு இடப்பக்கம்."

"பிள்ளை சொல்லுறது சரி," என்றார் கந்தையா அங்கிள் கதிரையிலிருந்து. காரைப் பழிக்காமல் அவர் காரைப் பற்றிச் சொன்ன முதல் கருத்து.

அண்ணை நீட்டிய கையை மடக்கவில்லை. அந்தக் கையைப் பார்த்தார். காரைப் பார்த்தார். மெல்லக் காரின் பின்பக்கம் நடந்து போய், அங்கே நின்றுகொண்டு அதே கையை மறுபடி நீட்டினார். அது இப்போது மற்றப் பக்கச் சில்லைக் காட்டியது.

"தம்பி," என்றார் மிகச் சின்னக் குரலில். "யார்ட்டில நான் பின்னுக்கு இருந்தெல்லோ கழட்டினனான்."

"ஓம் அண்ணை."

"இஞ்ச பூட்டேக்க?"

ஊதுபத்தி காட்டிவிட்டு, வாசலில் நின்றபடியே, சந்தனம் வலதுக்கு, குங்குமம் இடதுக்கு என்று அவர் கையால் பிரித்து வைத்தது எல்லார் கண்ணிலும் நின்றது.

கந்தையா அங்கிள்தான் கணக்கை முடித்தார். "அப்ப, பின்னுக்கு இருந்து கழட்டினதை முன்னுக்கு நிண்டு பூட்டியிருக்கிறாய்."

வலது கலிப்பர் இடதில், இடது கலிப்பர் வலதில். மாற்றிப் பூட்டியதால் மேலே இருக்க வேண்டிய முனை கீழே போய்விட்டது. சோடாப் போத்தலில் குமிழி மேலேதான் போகும். நாங்கள் இரண்டு மாதமாக அடியில் ஓட்டை திறந்துவைத்து, காற்றை வெளியே வரும்படி அழைத்துக்கொண்டிருந்தோம். எண்ணெய் வந்தது. காற்று மேலே பத்திரமாக இருந்தது. கேபிள் எட்டாததற்கும் காரணம் அதுதான். இங்கிலாந்துக்காரன் கஞ்சனல்ல.

"நான் துருவலையைப் பறிகுடுத்தது உதுக்கோ?" என்றார் அக்கா.

அண்ணை காருக்குக் கீழே போய்விட்டார். அதைவிடப் பாதுகாப்பான இடம் அப்போது கனடாவில் அவருக்கு இல்லை.

ஞாயிறு காலை இரண்டையும் கழற்றி மாற்றினோம். பழைய கேபிள் தன் இடத்தில் போய்ச் சுகமாக உட்கார்ந்தது. கந்தையா அங்கிள் கதிரையை மடித்து வைத்துவிட்டு, வாழ்க்கையில் முதல்முறையாக டோர்ச் லைற் பிடித்தார். நான் பெடலில் ஏறினேன்.

"அமத்து. பிடிச்சிரு."

ஊறுகாய்ப் போத்தலுக்குள் புளக்கென்று ஒரு சத்தம். பிறகு புளக் புளக் என்று குமிழிகள். அண்ணை கீழே கிடந்து சிரிக்கும் சத்தம் கேட்டது. "விடு," என்று சொல்ல மறந்துவிட்டார். நான் பிடித்தே இருந்தேன். எதிர்ப்பக்கமும் முடித்த பிறகு பெடலை மிதித்தேன். அரை அங்குலம் போய், அம்மிக்கல்லை மிதித்ததுபோல் நின்றது.

"கல்லு அண்ணை," என்றேன்.

அவர் வெளியே வந்து, என்னை இறங்கச் சொல்லி, தானே ஏறி மிதித்துப் பார்த்தார். இன்னொருமுறை மிதித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிரேக் எண்ணெய் பட்டுவிட்டதாம்.

திங்கட்கிழமை தற்காலிக அனுமதியோடு அண்ணை தனியாக மெக்கானிக்கிடம் போனார். பெடலில் கை தேர்ந்தவன் என்ற முறையில் நானும் வருகிறேன் என்றேன். பக்கத்து இருக்கையின் பிளாஸ்டிக் உறையைக் காட்டி, "அதில ஏலாது தம்பி," என்றார். நானும் அங்கிளும் தெருவில் காத்துக்கொண்டு நின்றோம். அக்கா வேலைக்கு லீவு போட்டிருந்தார். காரணம் கேட்டதற்குத் தலையிடி என்றார். யன்னலை விட்டு அசையவில்லை.

மத்தியானம் வானம் சாம்பலாகியது. முதல் ஸ்னோத் துகள் அங்கிளின் கண்ணாடியில் வந்து விழுந்தது. அதே நேரம் தெருமுனையில் அந்த உறுமல் கேட்டது. மஞ்சள் கார் வந்து, வீட்டு வாசலில், ஒரு குலுக்கல் இல்லாமல் நின்றது.

"பாஸ்," என்றார் அண்ணை. குரங்குத் தொப்பிக்குள் மூக்கு மட்டும் சிவப்பாகத் தெரிந்தது.

"ஸ்னோ விழத் தொடங்கிட்டுது," என்றார் அக்கா, வாசலில் நின்று.

"நான் நிப்பாட்டின பிறகுதான் விழுந்தது. அங்கிள் சாட்சி."

கந்தையா அங்கிள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஓம் பிள்ளை. வந்து நிண்ட பிறகுதான் விழுந்தது," என்று நேராகப் பார்த்துப் பொய் சொன்னார்.

அக்கா உள்ளே போனார். தொலைபேசி இருந்த பக்கம்தான் போனார். அண்ணை ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்தபோது அக்கா குளிர்ச்சட்டை, கம்பளித் தொப்பி, கையுறை எல்லாம் போட்டிருந்தார். பக்கத்து இருக்கையின் பிளாஸ்டிக் உறையை உரித்து என் கையில் தந்துவிட்டு ஏறி உட்கார்ந்தார். அவர் உயரத்தில் நல்ல கட்டை. எந்தக் காரில் ஏறினாலும் கால் தரையில் முட்டாமல் தொங்கும். அதில் இரண்டு பாதமும் தட்டையாகத் தரையில் படிந்தன.

அக்கா குனிந்து தன் பாதங்களைப் பார்த்தார். "எங்க போறம்?"

"மொன்றியல்," என்றார் அண்ணை.

"புட்டு ஆறமுன்னம் வரோணும்."

எங்கள் தெருவை மூன்று தரம் சுற்றினார்கள். கூரையில்லாத காரில் இருவர் மடியிலும் ஸ்னோ சேர்ந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு முறையும் எங்களைத் தாண்டும்போது அண்ணை தேவையில்லாமல் பிரேக் பிடித்துக் காட்டினார். "ஓடுது," என்றார் அங்கிள், யாரோ கேட்டதுபோல.

பிறகு கார் கராஜுக்குள் போய் மே மாதம்வரை தூங்கியது. அக்காவின் கார் வழக்கம்போல வெளியேதான். ஆனால் அந்தக் குளிர்காலம் முழுவதும் அவர் வேலைக்கு இறங்கும் நேரத்தில் கண்ணாடியில் ஒரு துளி ஐஸ் இருந்ததில்லை. ஐஸ் சுரண்ட அண்ணை எதைப் பாவித்தார் என்பது எனக்குத் தெரியும். துருவலையின் மிச்சம்.

நான் இப்போது பிக்கரிங்கில் இருக்கிறேன். ஒரு கம்பனியில் கணக்குப் பார்க்கிறேன். என்னிடம் இருப்பது முழுக்கார். சிவப்பு விளக்கில் நிற்கும்போது கால் தன்பாட்டில் பெடலை அமத்தி, பிடித்து இருக்கும். பச்சை விழும். பின்னால் நிற்பவர்கள் ஹோர்ன் அடிப்பார்கள். நான் அசையமாட்டேன். அண்ணை இன்னும் 'விடு' என்று சொல்லவில்லை.